ஓவனில் மக்ரோனி சீஸ்: நான்கு வழிகளில் எது உண்மையிலேயே எளிது?

மக்ரோனி சீஸ் செய்யலாம் என்று இறங்குகிறவரை முதலில் குழப்புவது, எல்லாச் செய்முறைகளும் தம்மை 'எளிது' என்று சொல்லிக்கொள்வதுதான். ஒன்று மைதாவை வெண்ணெயில் வறுக்கச் சொல்கிறது. இன்னொன்று முட்டையை உடைத்து ஊற்றச் சொல்கிறது. மூன்றாவது, மக்ரோனியை வேகவைக்கவே வேண்டாம், அப்படியே பாத்திரத்தில் கொட்டிப் பாலை ஊற்றி ஓவனுக்குள் தள்ளிவிடுங்கள் என்று ஆசை காட்டுகிறது. நான்காவது, ஒரு டின்னைத் திறந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது என்கிறது. நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். நான்கையும் ஒரு முறையாவது கெடுத்தும் இருக்கிறேன். கெடுத்ததில்தான் ஒன்று பிடிபட்டது: கழுவ வேண்டிய பாத்திரங்களை எண்ணி எளிமையை அளக்கக் கூடாது. பாதியில் பிசகினால் சரிசெய்ய இடமிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இந்த நான்கும் ஒரே சிக்கலுக்குச் சொல்லப்பட்ட நான்கு பதில்கள். சீஸ் என்பது கேசீன் என்ற பால் புரதம் பின்னிய வலை. கால்சியம் அந்த வலையைப் பிடித்து நிறுத்துகிறது. கண்ணிகளுக்குள் கொழுப்பும் நீரும் அடங்கியிருக்கின்றன. சூடு ஏறும்போது முதலில் கொழுப்பு இளகும். பிறகு வலையே தளர்ந்து சீஸ் வழியத் தொடங்கும். நமக்கு வேண்டியது அந்த நிலைதான். அதையும் தாண்டிச் சூடாக்கினால் புரத இழைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, நடுவில் இருந்த நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மேலே மஞ்சளாக எண்ணெய் மிதக்கும், அடியில் மணல்மணலாக ஏதோ உட்கார்ந்திருக்கும். ஓவனோ சூட்டை ஏற்றிக்கொண்டேதான் போகும். அந்தச் சூட்டில் சீஸ் பிரியாமல் இருக்க இடையில் ஒரு காவல் வேண்டும். முதல் வழியில் மாவு அந்தக் காவலாக நிற்கிறது, இரண்டாவதில் முட்டை, மூன்றாவதில் மக்ரோனியிலிருந்தே கரைந்து வரும் மாவுச்சத்து, நான்காவதில் டின்னில் அடைத்த, சர்க்கரை சேர்க்காத கெட்டிப்பால்.

முதலில் மாவு வழி. வெள்ளை சாஸ் என்று சமையல் தெரிந்தவர்கள் சொல்வது இதைத்தான். நால்வருக்கு 250 கிராம் மக்ரோனி, 40 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, 750 மில்லி பால், 300 கிராம் துருவிய சீஸ். வெண்ணெய் உருகி நுரை அடங்கியதும் மைதாவைத் தூவி, மிதமான சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மட்டும் மாறக் கூடாது. மாவு எந்த அளவுக்குச் சிவக்கிறதோ அந்த அளவுக்கு அதன் கெட்டிப்படுத்தும் திறன் குறையும். பிறகு பால். முதல் அரைக் கோப்பையை ஊற்றியதும் எல்லாம் சுருண்டு, களிமண் போல ஒரு உருண்டையாகிவிடும். புதிதாகச் செய்கிறவர்கள் பயந்து அடுப்பை அணைப்பது இங்கேதான். பயப்பட ஒன்றுமில்லை. கம்பிக் கலக்கியால் அழுத்திக் கலக்கியபடி அடுத்த அரைக் கோப்பையை ஊற்றுங்கள், உருண்டை குழையும். அதற்கடுத்தது விழும்போது பசையாகும். அதற்குப் பிறகு மீதிப் பாலை மொத்தமாக ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. ஒரு கொதி வரும் வரை விடாமல் கலக்க வேண்டும். கொதி நெருங்கும்போதுதான் மாவுச்சத்து முழுதாக வீங்கி சாஸ் கெட்டிப்படும். கரண்டியின் பின்புறத்தில் படிந்த சாஸில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம்.

அடுத்து வருவது இந்த வழியின் மிக முக்கியமான நொடி: அடுப்பை அணைப்பது. அணைத்து ஒரு நிமிடம் விட்டு, சீஸைப் பிடிபிடியாகப் போட்டு, ஒரு பிடி கரைந்த பிறகே அடுத்த பிடி. நான் ஒரு முறை அவசரத்தில், சாஸ் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நன்றாக முதிர்ந்த செடார் வகைச் சீஸ் முழுவதையும் கவிழ்த்துவிட்டேன். அரை நிமிடத்தில் சாஸின் பளபளப்பு போயிற்று. ஓரங்களில் எண்ணெய் ஒதுங்கியது, கரண்டியில் எடுத்தால் துருவல் துருவலாக வழிந்தது. பாத்திரத்தை இறக்கி, கால் கோப்பைச் சூடான பாலை விட்டு, கை வலிக்கும் வரை அடித்தேன். முன்போல மின்னவில்லை என்றாலும் ஒன்றுகூடியது, யாரும் குறை சொல்லவில்லை. நான் சொல்ல வருவதும் இதுதான். இந்த வழியில் எதுவும் கண்ணுக்கு மறைவாக நடப்பதில்லை. கட்டி தட்டினால் வடிகட்டலாம். இறுகினால் பால் சேர்க்கலாம், தளர்ந்தால் சீஸ் போடும் முன் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிடலாம். உப்பு போதுமா என்று நாக்கில் வைத்துப் பார்க்கலாம். ஓவனுக்குள் போகும் முன்பே உணவு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஓவனுக்கு மிஞ்சுவது மேற்பரப்பைச் சிவக்க வைக்கும் வேலை மட்டும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பே மக்ரோனியை வடித்துவிடுங்கள். மீதியை ஓவனில் வெந்துகொள்ளும். சாஸும் 'சற்றுத் தளர்ந்துவிட்டதோ' என்று தோன்றும் அளவுக்கே இருக்கட்டும். மக்ரோனி உள்ளே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கலக்கும்போது கச்சிதமாக இருந்தால், பரிமாறும்போது சிமெண்ட்தான். 180 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம், ஓரங்களில் குமிழ் விடும் வரை, போதும்.

முட்டை வழி இதற்கு நேரெதிர். அடுப்பில் நின்று கிளறும் வேலையே இல்லை. வேகவைத்து ஆறவிட்ட மக்ரோனி 250 கிராம், அடித்த முட்டை மூன்று, பால் 500 மில்லி, சீஸ் 300 கிராம். மக்ரோனியையும் சீஸையும் அடுக்கடுக்காகப் பரப்பி, முட்டை கலந்த பாலை மேலே ஊற்றி ஓவனில் வைக்க வேண்டியதுதான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேரூன்றிய வகை இது. வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும், தட்டில் வழிந்து ஓடாது. குழைவாக, கரண்டியிலிருந்து இழுபட்டு விழுவதுதான் மக்ரோனி சீஸ் என்று வளர்ந்தவர்களுக்கு இது வேறொரு பண்டமாகவே தோன்றும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை, மேல் மூலையில் சீஸும் முட்டையும் சேர்ந்து சிவந்திருந்த துண்டு கிடைத்தது. அதன் பிறகு குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

வேலை குறைவு, ஆனால் திருத்த இடமும் குறைவு. பாலும் முட்டையும் சேர்ந்த கலவை சுமார் 80 டிகிரியில் இறுகத் தொடங்கும். அதைத் தாண்டிச் சில டிகிரி ஏறினாலே இறுக்கம் மிஞ்சி, திரிந்த பால் போலத் துளைத்துளையாகி நீர் விட்டுவிடும். ஓவன் கதவுக்குப் பின்னால் நடப்பதைக் கரண்டியால் கலக்கித் திருத்த முடியாது. எப்போது வெளியே எடுப்பது என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. ஆகவே 160 டிகிரியில் நிதானமாக, 35 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். பாத்திரத்தை லேசாக அசைத்தால் ஓரம் அசையாமலும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம் மட்டும் மெல்லத் ததும்பியும் இருக்க வேண்டும். அப்போது எடுத்து 15 நிமிடம் அப்படியே வைத்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே நடுப்பகுதி இறுகிவிடும். 'இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டுமே' என்ற நல்லெண்ணம்தான் இந்த வழியைக் கெடுக்கிறது. இன்னொன்று, கொதிக்கும் மக்ரோனியின் மேல் முட்டைக் கலவையை ஊற்றிவிடாதீர்கள். ஓவனுக்குப் போகும் முன்பே முட்டைப் பொரியல் தயாராகிவிடும்.

இதில் ஒரு சுவாரசியம்: 1824இல் அமெரிக்காவில் அச்சான ஒரு சமையல் புத்தகத்தில் வரும் மக்ரோனியில் மாவும் கிடையாது, முட்டையும் கிடையாது. பாலும் நீரும் கலந்து மக்ரோனியை வேகவைத்து, வடித்து, சீஸும் வெண்ணெயும் இடையிடையே வைத்து அடுக்கி ஓவனில் வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். செய்து பார்த்தால் ருசி நன்றாகவே இருக்கிறது. ஆனால் சாஸ் என்று ஒன்று இருக்காது. வெண்ணெயில் பிரட்டிய மக்ரோனிக்கு இடையே அங்கங்கே சீஸ் திட்டுகள். இருநூறு ஆண்டுகளாக மற்றவர்கள் மாவையும் முட்டையையும் ஏன் தேடிப் போனார்கள் என்பது ஒரு வாயிலேயே விளங்கிவிடும்.

மூன்றாவது, வேகவைக்காத வழி. கேட்கும்போதே மனம் மயங்கும்: பச்சை மக்ரோனி 250 கிராம், முழுக்கொழுப்புப் பால் 900 மில்லி, சீஸ் 250 கிராம், சிறிது வெண்ணெய், உப்பு, எல்லாம் ஒரே பாத்திரத்தில். அலுமினியத் தாளால் இறுக மூடி, 190 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டுக் கலக்கி, மேலே கொஞ்சம் சீஸ் தூவி இன்னும் 15 நிமிடம். மக்ரோனி வேகும்போது அதிலிருந்து மாவுச்சத்து பாலில் இறங்கிக் கெட்டியாக்குகிறது. வெந்நீரில் வேகவைத்து வடிக்கும்போது சாக்கடைக்குப் போகிற மாவுச்சத்து இங்கே முழுதாக உள்ளேயே தங்குகிறது. கேட்பதற்கு நல்ல சிக்கனம்.

விருந்தாளிகள் வருவதாக இருந்த ஒரு நாளில் இதை நம்பினேன். கூடத்தில் பேச்சு கலகலத்துக்கொண்டிருக்க, நாற்பது நிமிடம் கழித்துத் தாளின் ஒரு மூலையை உரித்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அது விலகியதும் தெரிந்தது, மூலைகளில் பாலுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த மக்ரோனிகள் விளிம்பு சுருண்டு பிளாஸ்டிக் போல நிற்கின்றன. நடுவில் பால் தளதளவென்று ஆடுகிறது. பாலின் மேல் மெல்லிய வெண்துகள்கள். நான் பயன்படுத்தியது கொழுப்பு நீக்கிய பால், தாளையும் இறுக்கமாக மடிக்கவில்லை. நீண்ட நேரச் சூட்டில், புளிப்பேறிய சீஸோடு சேர்ந்தபோது அந்த மெல்லிய பால் திரிந்துவிட்டது. கலக்கி, கொஞ்சம் பால் விட்டு, மறுபடி மூடி இருபது நிமிடம் வைத்ததில் சாப்பிடும் பதத்துக்கு வந்தது. விருந்தாளிகள் அதற்குள் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்திருந்தார்கள்.

இந்த வழி கூடாது என்பதல்ல. உங்கள் ஓவனும் பாத்திரமும் பாலும் மாறாமல் இருந்து, இரண்டு முறை செய்து அளவு பிடிபட்டுவிட்டால் மூன்றாம் முறையிலிருந்து உண்மையிலேயே சுகமான வழி இது. ஆனால் முதல் முறை இதைத்தான் எளிது என்று பரிந்துரைக்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சம்மதமில்லை. பாத்திரம் அகலமாக இருந்தால் ஆவியாவது கூடும், ஆழமாக இருந்தால் நடுவில் வேகத் தாமதமாகும், மக்ரோனி தடித்த ரகமாக இருந்தால் பால் போதாது. இவை எல்லாமே மூடிய தாளுக்கு அடியில் நடக்கின்றன. செய்வதென்றால் பாதி நேரத்தில் ஒரு முறை திறந்து அடிவரை கலக்கிவிடுங்கள். மக்ரோனி எங்கும் பாலுக்கு மேலே தெரியக் கூடாது.

நான்காவது வழிக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் கதை இருக்கிறது. 1911இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து, சூடாக்கினாலும் பிரியாத சீஸை உருவாக்கினார்கள். அந்த உப்பு, கேசீன் வலையைப் பிடித்திருக்கும் கால்சியத்தைக் கவர்ந்துகொள்கிறது. இறுக்கம் விட்ட புரதம் கொழுப்பையும் நீரையும் ஒன்றாக அணைத்துக்கொள்கிறது. 1916இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கிராஃப்ட் பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1937இல் அவருடைய நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியது. மடித்த தாளுக்குள் வரும் சீஸ் துண்டுகள் இன்றும் இழுக்காமல் பிரியாமல் வழவழவென்று உருகுவது இந்த வகை உப்புகளால்தான். வீட்டில் அந்த உப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாஸில் இரண்டு மூன்று துண்டு பதப்படுத்திய சீஸைக் கிள்ளிப் போட்டால், அதிலுள்ள உப்பே மற்ற சீஸையும் பிடித்து நிறுத்தும். இதை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. ருசிக்காக அல்ல, வேலைக்காகப் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் மனம் சமாதானமாகிவிடும்.

நான்காவதான டின் வழி இந்தப் பதப்படுத்திய சீஸின் உறவுதான். நீரில் பாதிக்கு மேல் வற்றவைத்து டின்னில் அடைத்த சர்க்கரை சேர்க்காத பாலில் புரதம் செறிவாக இருக்கும், சூட்டையும் நன்றாகத் தாங்கும். 250 கிராம் சீஸைத் துருவி ஒரு மேசைக்கரண்டி மக்காச்சோள மாவில் (கார்ன்ஃப்ளோர்) பிரட்டி, ஒரு டின் பாலோடு சேர்த்து மெல்லிய தீயில் கலக்கினால் ஐந்தே நிமிடத்தில் கண்ணாடி போன்ற சாஸ். நான்கு வழிகளில் மிக வேகமானதும், ஏறக்குறைய தவறவே தவறாததும் இதுதான். பிறகு ஏன் இதையே முதலாவதாகச் சொல்லவில்லை? ஓவன்தான் காரணம். இந்த சாஸின் அழகு அடுப்பிலிருந்து இறக்கிய பத்து நிமிடத்துக்குத்தான். ஓவனில் அரை மணி நேரம் வைத்தால் வற்றிக் கெட்டியாகி, அந்த மினுமினுப்பு போய்விடும். ஓவன் வேண்டுமென்றால் நூறு, நூற்றைம்பது மில்லி பால் கூடுதலாக விட்டு, மேற்சூட்டில் மட்டும் ஐந்து நிமிடம் சிவக்கவிட்டு எடுத்துவிடுங்கள். டின் வாங்கும்போது மேலே எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள். சர்க்கரை சேர்த்த பால் டின்னும் அதே அலமாரியில், அதே அளவில், பக்கத்திலேயே நிற்கும். என் வீட்டில் ஒரு முறை இனிப்பு மக்ரோனி சீஸ் உருவான வரலாற்றை இதற்கு மேல் விவரிக்க விருப்பமில்லை.

எந்த வழியானாலும் சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவி அடைத்து விற்பதில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், சாஸ் சற்றுத் தூள்தூளாக வரும். முதிர்ந்த செடாரில் சுவை அதிகம், ஆனால் எளிதில் பிரியும். இளசான சீஸ் நன்றாக உருகும், சுவை மந்தம். இரண்டையும் பாதிப் பாதி கலப்பது என் வழக்கம்; பயமாக இருந்தால் இளசைக் கூட்டிக்கொள்ளுங்கள். மொசரெல்லா இழுபடுவதற்குத்தான், அதை மட்டும் நம்பினால் நூல் நூலாக வருமே தவிர வாயில் ஒன்றும் தெரியாது. பாலில் புளிப்பை விட்டுத் திரித்தெடுக்கும் வகைகள் எத்தனை நேரம் சூடாக்கினாலும் உருகாது. அரைத் தேக்கரண்டி கடுகுத் தூள் சேர்த்தால் சீஸின் காரம் தூக்கிக் காட்டும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகையைத் தாண்ட வேண்டாம்.

மேலே ரொட்டித்தூள் வேண்டுமா என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். வெள்ளை சாஸ் வழிக்கு அது அவசியம் என்பேன். முழுக்கக் குழைவாக இருக்கும் ஒன்றில் பல்லுக்கு ஏதாவது வேலை வேண்டாமா? வெண்ணெயில் பிரட்டிய பிறகே தூவுங்கள்; வறண்ட தூள் சிவக்காது, கருகும். முட்டை வழிக்குத் தேவையில்லை, அதன் சீஸ் மேலோடே போதும்.

இனி, எதை எடுப்பது? முதல் தடவையா, மாவு வழிக்கே போங்கள். கூடுதலாக ஒரு பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும், பரவாயில்லை. பசியோடு பிள்ளைகள் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் டின் வழி, ஓவனையே மறந்துவிடலாம். அன்றைக்கு அடுப்பை முற்றுகையிட வேறு நான்கு பண்டங்கள் இருக்கின்றன, நீங்கள் முன்பே பழகியவர் என்றால் வேகவைக்காத வழி கையைக் காலியாக வைத்திருக்கும். வேறொருவர் வீட்டுக்குக் கொண்டுபோக, அல்லது செய்து ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாற, முட்டை வழிக்கு இணை இல்லை. சாஸ் வகைகள் ஆறஆற இறுகிக்கொண்டே போகும்போது இது மட்டும் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும்.

முந்தின நாளே செய்து வைப்பவர்களுக்கு மாவு வழியில் ஒரு வசதி உண்டு. சாஸில் 100 மில்லி பால் கூடுதலாகக் கலந்து, மக்ரோனியோடு சேர்த்து, ஓவனில் வைக்காமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் தாளால் மூடி 20 நிமிடம், திறந்து 20 நிமிடம். ரொட்டித்தூளைத் திறக்கும்போதுதான் தூவ வேண்டும், முன்பே தூவினால் ஊறிவிடும்.

மிஞ்சியதைச் சூடாக்கும்போது சாஸ் வகைக்கு ஒரு கரண்டி பால் தெளித்து மூடி, குறைந்த சூட்டில் வையுங்கள். மைக்ரோவேவில் முழு வேகத்தில் வைத்தால் முன்னே சொன்ன எண்ணெய்க் கதைதான். முட்டை வகையை இப்படிச் சூடாக்கவே வேண்டாம். குளிர்ந்த துண்டை விரல் தடிமனுக்கு வெட்டி, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க விட்டுப் பாருங்கள். என் வீட்டில் இதற்காகவே ஒரு வரிசையை முதல் நாள் ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது.